வலது முன் ஹப்

ஜூலை 8, செவ்வாய்

கொளுத்தும் வெயில். மானம் போன நாள். யாரும் படிக்கப்போவதில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். கயலின் பந்தயக் காரில் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கலாம் என்று ஏறினேன். எழ முடியவில்லை. ஒல்லி ஆட்களுக்கென்று செய்த சீட், என் இடுப்பைக் கவ்விக்கொண்டது. மெக்கானிக் மைக்கேல் ஒரு கை, டீ கொண்டுவந்தவர் ஒரு கை. இழுத்த இழுப்பில் பேண்ட் பின்பக்கம் டர்ரென்று.

டீக்காரர்: "இன்னா சார், ஏறசொல்ல ஜோரா ஏறிக்கினீங்க. எறங்கறதுக்கு கிரேன் வோணுமா?"

கயல் அந்தப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. பெற்ற மகள்.

மண்ணூர் ஷெட்டுக்குப் போன காரணம் வேறு. முன்சக்கரம் இரண்டிலும் ஆட்டம். காரை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் டொக், டொக். பேரிங் தேய்ந்துவிட்டது. வளைவு முடிந்து பிரேக்கை மிதித்தால் முதல் மிதி உள்ளே போய்விடுகிறதாம், இரண்டாம் மிதியில்தான் பிடிக்கிறதாம். இதை என்னிடம் சொல்லாமல் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் டீம் ஒன்று டிராக்குக்கு வந்து இவள் ஓட்டுவதைப் பார்க்கப்போகிறது. அவர்களிடம் டிரைவர் இடம் ஒன்று காலி. கல்யாணப் பேச்சையெல்லாம் இவள் தள்ளிப்போட்டது அந்த ஒரு இடத்துக்காகத்தான்.

ஜூலை 9, புதன்

புழுக்கம். பேண்ட் தையற்கடையில். "உட்கார்ந்ததா சார், குனிஞ்சதா?" என்று விசாரணை வேறு.

இரவுச் சாப்பாட்டில் சண்டை. என் கட்சி: சக்கரம் மாட்டும் பழைய ஹப்பே போதும், எங்கள் ஒரகடம் கம்பெனி பேரிங்கில் நல்லதாக நானே பொறுக்கித் தருகிறேன், பிரஸ் மெஷினில் வைத்து அழுத்தி ஏற்றிவிடலாம். அவள் கட்சி: ஹப்பும் பேரிங்கும் சேர்ந்தே வரும் வெளிநாட்டு செட். தடிமனான ஹப், பெரிய பேரிங், சூடு தாங்கும் கிரீஸ்.

"அப்பா, உங்க பேரிங் கால் டாக்ஸிக்கு. வருஷக்கணக்கா ஓடும், நான் இல்லன்னு சொல்லல. ஆனா டிராக்குல பிரேக் சூடு ஏறினா அந்த கிரீஸ் தண்ணியா ஓடிடும்."

"நான் பேரிங் கம்பெனியில என்ன புளியா கரைக்கிறேன்? குவாலிட்டியில இருக்கேன்!"

"கால் டாக்ஸி குவாலிட்டி."

மனைவி சாந்தி குழம்புக் கரண்டியோடு வந்தாள். "இன்னாங்க, கொழந்த ஓட்டற வண்டி. அது இஷ்டத்துக்கு வுடுங்களேன்." இருபத்தாறு வயதுக் குழந்தை. ஐம்பத்து மூன்று வயது வாயில்லாப் பூச்சி நான்.

எதிர் வீட்டு மருமகள் தனிக்குடித்தனம் கேட்கிறாளாம். ஏற்கெனவே மாடி தனி, படி தனி, கேஸ் தனி. இனி மாமனாரைத்தான் தனியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

மதியம் மழை. கம்பெனி பஸ் தவறிப்போய் படப்பை வரை ஷேர் ஆட்டோ, மடியில் யாருடையதோ அரிசிப் பை.

புது டிரெய்னிகளுக்கு வகுப்பு. எனக்குப் பிடித்த பாடம்: பிரேக் டிஸ்க் போய் உட்காரும் ஹப் முகம். "அதுல ஒரு தலைமுடி கெடந்தாலும் டிஸ்க் கோணும். கோணுனா பிரேக் நடுங்கும். தொடைச்சிட்டு மாட்டு, மாட்டறதுக்கு முன்னாடி மறுபடி தொடை!" கடைசி வரிசையில் கொட்டாவி. வீட்டிலும் அதே மரியாதைதான்.

திரும்பி வந்தால் கூடத்தில் வெளிநாட்டு ஹப் பார்சல். என்னைக் கேட்காமலே முன்னமே ஆர்டர் போட்டிருக்கிறாள். கையில் எடுத்துப் பார்த்தேன். நல்ல கனம். சுற்றினால் சத்தமே இல்லை, வெண்ணெய். "சுமார்தான்" என்றேன்.

ஜூலை 11, வெள்ளி

வானம் மூட்டம். கம்பெனியில் வெள்ளிக்கிழமை பூஜை, கொண்டைக்கடலைச் சுண்டல், உப்புக் கம்மி. சாயங்காலம் ஷெட்.

மைக்கேல் திருச்செந்தூர்ப் பக்கம். பழைய ஹப்பைக் கழற்றியபடியே, "அண்ணாச்சி, நீங்க அந்தானிக்கு ஸ்டூல்ல இருங்க. ஒண்ணையும் தொட்டுராதீய."

வலது பக்கம் புது ஹப் ஏறியதும் கயலுக்கு என் மூஞ்சியைப் பார்த்து இரக்கம் வந்திருக்க வேண்டும். "வலது பக்க டிஸ்க்க மட்டும் நீங்க மாட்டுங்கப்பா." பந்தியில் அப்பளம் வைக்கச் சொன்ன மாதிரி.

அவர்கள் இருவரும் இடது பக்கம் குனிந்திருந்தார்கள். நான் வலது பக்கம் முழங்காலிட்டேன், மறுபடி எழுவது பற்றிய கவலையோடு. சட்டைப்பையில் பூஜைப் பொட்டலம். எங்கள் கம்பெனியில் எந்தப் புது மெஷின் வந்தாலும் பொட்டு வைக்காமல் சுவிட்சைத் தொடமாட்டோம். எதிரி வீட்டு ஹப்பானாலும் புதுசு புதுசுதானே. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு நல்லபடி நடக்கட்டும். டிஸ்க்கை மாட்டினேன், சக்கரத்தை மாட்டினேன், நட்டுகளை முறையாகக் குறுக்கும் நெடுக்குமாக முறுக்கினேன். யாரும் பாராட்டவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

காலையிலேயே அனல். டிராக்கில் நிழலுக்கு ஒரே ஒரு பந்தல், அதில் கோயம்புத்தூர்க்காரர்கள். கறுப்புக் கண்ணாடி, கையில் இளநீர்.

முதல் சில ரவுண்டு பிரமாதம். மைக்கேல் காதில் விழாதபடி அவளுக்கு ஒரு சபாஷ் போட்டேன். அப்புறம் ஒவ்வொரு வளைவிலும் சீக்கிரமாகவே பிரேக் பிடிக்க ஆரம்பித்தாள். வேகம் குறைந்தது. உள்ளே வந்துவிட்டாள்.

"பிரேக்க தொட்டா ஸ்டியரிங் கிடுகிடுன்னு ஆடுதுப்பா. கைய விட்டு புடுங்குது."

பந்தலிலிருந்து ஒருவர் வந்தார். தன்மையாகத்தான் பேசினார். "வண்டியை ரெடி பண்றதும் டிரைவர் வேலைதாம்மா." இடம் அவர்கள் பார்த்துவைத்திருந்த பெங்களூர்ப் பையனுக்கு.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் நான் இல்லையே. "நான் அப்பவே சொன்னேன். ஃபாரின் ஹப்பு, ஃபாரின் ஹப்புன்னு குதிச்ச."

ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "ஆமாப்பா. நீங்க சொன்னத கேட்டிருக்கணும்."

இந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து காத்திருக்கிறேன். கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்தால், சாந்தி யாருக்கும் காபி போடவில்லை.

ஜூலை 14, திங்கள்

தூறல். கேண்டீனில் கதையை மூன்று மேசைக்குச் சொன்னேன். மூன்றாம் மேசைக்கு வரும்போது வண்டி கிட்டத்தட்ட கவிழ்ந்துவிட்டது. "அனுபவத்த மதிக்கணும் சார்" என்றார் ஸ்டோர்ஸ் ஆள். ஆமாம் என்றேன். பொங்கல் நன்றாக இருந்தது.

கயலுக்கு அவள் கம்பெனியில் செகண்ட் ஷிஃப்ட். "அந்த ஹப்ப கழட்டிடுங்க, உங்க பேரிங்கே போட்டுக்கலாம்" என்று காலையில் முகம் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனாள். நல்லதாகப் பொறுக்கிய இரண்டு பேரிங்கோடு சாயங்காலம் ஷெட்டுக்குப் போனேன்.

மைக்கேல் வண்டியை ஜாக்கியில் ஏற்றி சக்கரத்தை அசைத்தார். ஆட்டம் இல்லை. சுற்றினார். சத்தம் இல்லை. "ஹப்புல ஒரு கொறையும் இல்லையே அண்ணாச்சி. நல்ல சாமானால்லா இருக்கு."

இடது டிஸ்க்கை எடுத்தார். ஹப் முகம் கண்ணாடி மாதிரி சுத்தம்.

வலது டிஸ்க்கை எடுத்தார். ஹப் முகத்தில் கருகிய சந்தனம், நடுவில் குங்குமம், அதன்மேல் என் மோதிரவிரல் ரேகை.