கடுகு ஓடிய தட்டு

பச்சை வேர்க்கடலை மூட்டை ஒன்றை இன்று கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் என் காலருகே யாரோ வைத்தார்கள். ஈர மண் வாசனை வந்ததும் ஜன்னல் பக்கம் நகர்ந்து உனக்கு இடம் விட்டேன்.

"யாருக்காச்சும் சீட்டு புடிச்சி வெச்சிருக்கியா பாப்பா?" என்று ஒரு அம்மா கேட்டார்.

இல்லை என்றேன்.

அன்று அறிவியல் கண்காட்சிக்காக உங்கள் நிலத்துக் கடலையைத்தான் கொண்டுவந்தாய். ஒத்திகைக்காகப் பள்ளி வராந்தாவில் தட்டு நிறையக் குவித்து, நடுவே கடுகைப் போட்டோம். கடுகுதான் நியூட்ரினோ என்ற நுண்துகள், கடலை மற்றத் துகள்கள். பேரண்டத்தின் தொடக்கத்தில் அப்படித்தான் நெரிசல். எல்லாத் துகள்களும் இடித்துக்கொண்டே இருந்தன. பிறகு கடலையைப் பரப்பித் தட்டைச் சாய்த்தேன். கடுகு இடைவெளிகளில் உருண்டு ஓடியது. பேரண்டம் விரிந்து, முதல் வினாடி முடிவதற்குள் நியூட்ரினோக்கள் இப்படி விலகின, இன்றுவரை அநேகமாக எதிலும் மோதாமல் போய்க்கொண்டிருக்கின்றன என்று படித்ததை ஒப்பித்தேன்.

நீ கடலை உரித்துத் தின்றபடி கேட்டாய்: "யார் மேலயும் படாம போவுதுன்னா, அது இருக்குதுன்னு எப்படிடி சொல்ற?"

எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லவும் வாய் வரவில்லை.

"பேரண்டத்துல பாதிய தின்னுட்ட. இதுல கேள்வி வேற!"

"மேடத்துக்கு பதில் தெரில. அதான் கோவம் ஜாஸ்தி" என்று சிரித்தாய்.

இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் உனக்குக் காய்ச்சல் என்றார்கள். அடுத்த வாரம் காலை வழிபாட்டில் உனக்கு எல்லோரும் மௌன அஞ்சலி செலுத்தினோம். எனக்கு அழுகைகூட வரவில்லை. உன் கேள்விதான் காதில் இருந்தது.

பதிலைப் பிறகு தேடிப் படித்தேன். அந்தப் பழைய நியூட்ரினோக்களை இன்னும் யாரும் நேரடியாகப் பிடித்ததில்லை. ஆனால் அவை இருந்ததால் பேரண்டம் சற்று வேகமாக விரிந்தது. அதனால் அன்று உருவான ஹீலியம் கொஞ்சம் கூடியது. பேரண்டத்தின் மிகப் பழைய ஒளியிலும் அவற்றின் இழுப்பு தெரிகிறது. அவை இல்லையென்று வைத்துக் கணக்குப் போட்டால், இப்போது நாம் அளப்பதோடு ஒத்துவருவதில்லை.

கண்காட்சியில் இதைச் சொன்னேன். நடுவர் பாராட்டினார். இதைக் கேட்க வேண்டியவள் நீ.

இப்போதெல்லாம் வகுப்பில் தெரியாததைக் கேட்டால் எழுந்து நின்று, "தெரில மிஸ்" என்று சொல்லிவிடுகிறேன். பின்பெஞ்சில் சிரிக்கிறார்கள். அவ்வளவு சின்ன வார்த்தைதான். அன்று உன்னிடம் சொல்லியிருந்தால், அந்த இரண்டு நாளும் நாம் பேசிக்கொண்டிருந்திருப்போம்.