ஒற்றை இலையில் முளைத்த சிவப்பு

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். உன் உடம்பு எப்படி, மாப்பிள்ளையின் இருமல் தேவலையா என்று கேட்பதற்குள் ஒரு சேதியைச் சொல்லிவிட வேண்டும்போல் இருக்கிறது, பொறுத்துக்கொள்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அம்மா வலது கையை மடியில் போட்டபடியே இருந்தது உனக்குத் தெரியும். விரலுக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண் தட்டில் பட்டன்களைக் கொட்டி, சின்ன இடுக்கியால் எடுக்கச் சொன்னால், "பட்டன் பொறுக்கவா இத்தனை வருஷம் தையல் மிஷின் மிதிச்சேன்?" என்று தட்டையே தள்ளிவிடுவாள். அந்தச் சமயத்தில்தான் உன் தம்பி பூச்சி தின்னும் பனித்துளிச் செடி ஒன்றை வாங்கி வந்தான். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். இலையெல்லாம் சிவப்பு முடி, முடியின் நுனிதோறும் பசைத்துளி. ஒரு கொசு போய் ஒட்டிக்கொள்ள, இலை மெல்லச் சுருண்டு அதை அணைத்துக்கொண்டதைப் பார்த்து அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். நோய் வந்தபின் அந்தச் சிரிப்பை அன்றுதான் கேட்டேன்.

அதற்கு மழைத்தண்ணீர்தான் ஆகும், உரம் ஆகவே ஆகாது. அம்மாவின் சிகிச்சைக்காக நாங்கள் மருத்துவமனையில் தங்கிய வாரம், பக்கத்து வீட்டம்மா நல்லெண்ணத்தில் குழாய்த் தண்ணீர் ஊற்றி உரத்தையும் தூவிவிட்டார். திரும்பி வந்தால் செடி கருகிக் கிடக்கிறது. "தூக்கிப் போடும்மா, வேற வாங்கிக்கலாம்" என்றான் தம்பி. அம்மா விடவில்லை. உயிர் மிச்சமிருந்த ஒரே இலையைக் கத்தரித்து, கண்ணாடிக் கிண்ணத்து மழைத்தண்ணீரில் மிதக்கவிட்டு ஜன்னலோரம் வைத்தாள். எனக்குத் துளி நம்பிக்கை இல்லை. சில வாரம் போனபின் பார்த்தால், அந்த இலையின் மேல் கடுகு கடுகாய்க் குட்டிச்செடிகள்!

அவற்றைப் பிரித்து, தொட்டியில் பரப்பிய ஈரப் பாசியில் நட வேண்டும். இடது கையால் இடுக்கியைப் பிடித்தாள், முதல் குட்டி நசுங்கிப்போனது. குடு, நான் வைக்கிறேன் என்றேன். "உங்க விரலு வாழைப்பழம் மாதிரி, சும்மா இருங்க" என்றவள், இடுக்கியை வலது கைக்கு மாற்றினாள். கை நடுங்கியது, நெற்றியெல்லாம் வேர்வை, உதட்டைக் கடித்துக்கொண்டு ஒன்றை நட்டாள், அப்புறம் இன்னொன்று. மூச்சுவிடக்கூடப் பயந்துகொண்டு கதவோரம் நின்றேன். என்ன பொம்பளையம்மா உன் அம்மா! இப்போது வெயில் பட்டுப் பட்டுப் பச்சை மாறிச் சிவந்து, தொட்டி முழுக்க மாதுளை முத்தாய் மின்னுகிறது. நீ வரும்போது இலையைத் தொட்டுப் பார்க்கிற வேலை வேண்டாம் என்று இப்போதே சொல்லி வைக்கச் சொன்னாள்.

வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. மாப்பிள்ளையை டாக்டரிடம் அழைத்துப் போ. இருவரும் எந்தக் குறையுமில்லாமல் மனம் நிறைந்து வாழ வேண்டும். கடைசியில் கோணலாக இருப்பது அம்மாவின் எழுத்து. எந்தக் கை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா

அம்மா