இரண்டில் எது?

அன்பே,

நீ போனில் கேட்டபோது "எல்லாம் நல்லபடி" என்றேன். அது முழு உண்மை இல்லை.

போர்ட்டோ நீதிமன்றத்தில் டெஸ்மண்ட் என்ற இங்கிலாந்துக்காரனின் வழக்கில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அவன் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் அமாதேயு மாடிப்படியில் விழுந்து இறந்திருந்தார்; டெஸ்மண்ட்தான் தள்ளிவிட்டான் என்று வழக்கு. அவர் விழுவதற்குச் சற்று முன்புதான் டெஸ்மண்ட் போனில் யாரிடமோ 'ஐ வில் கெட் ஹிம்' என்று சொன்னதாகப் பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பெண் சாட்சி சொன்னாள். "அவனை விடமாட்டேன்" என்று போர்த்துகீசில் சொல்லிவிட்டேன். நீதிபதியின் முகம் இறுகியது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. 'அவரைப் போனுக்குக் கூப்பிடுகிறேன்' என்றும் அதற்குப் பொருள் உண்டே!

மறுநாள் நீதிமன்றத்தில் எழுந்து நின்று அதைச் சொன்னேன். அரசு வக்கீல் சிரித்தார்.

"நேத்து ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணாம்மா?"

"ரெண்டுல எது?" என்றார் நீதிபதி.

"தெரியாதுங்க ஐயா. தெரிஞ்ச மாதிரி நேத்து சொன்னதுதான் என் தப்பு."

அன்று போனில் டெஸ்மண்டோடு பேசியது யாரென்று தேடச் சொன்னார். லண்டனிலிருந்து அமாதேயுவின் தங்கை வந்தாள். "அண்ணனக் கூப்பிடுங்கன்னு நான்தான் கேட்டேன்" என்று அழுதாள்.

டெஸ்மண்டை விடுவித்துவிட்டார்கள். என்னை இனி மொழிபெயர்க்க அழைக்க மாட்டார்களாம். இந்த வாரம் முழுக்க வீட்டில்தான் இருக்கிறேன்; எல்லா ஜன்னல்களையும் துடைத்தாயிற்று. முடிந்தால் சீக்கிரம் வா.

உன் மனைவி