கூடாரத்தைத் திறந்ததற்கு வாங்கிய திட்டு

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஃபோனில் சொன்னால் பாதியிலேயே "அம்மா, நான் சொல்றதைக் கேளுங்க" என்று ஆரம்பித்துவிடுவாய், கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அப்பாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை, பஸ்ஸை ஓட்டி முடித்து இறங்கும்போது மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளிக்கிறாராம், கண்டக்டர் சொன்னார். டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்யுங்கள் என்றால் நாளைக்கு என்கிறார், அந்த நாளை இன்னும் வந்தபாடில்லை. எனக்குத் தையல் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, பள்ளி திறக்கப் போகிறார்கள், சீருடைத் துணி நாற்காலி, மேஜை எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டதால் நாங்கள் நின்றுகொண்டு சாப்பிடுகிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் தங்கையைத் தோட்டக்கலைப் படிப்பிலிருந்து நிறுத்தி உன்னிடம் அனுப்பச் சொன்னாய், கம்ப்யூட்டர் படிப்பில் இடம் பார்த்து வைத்திருப்பதாகவும் "மண்ணைக் கிண்டறதுக்கு எதுக்கும்மா காலேஜ்" என்றும் சொன்னாய். உன் அக்கறை எனக்குத் தெரியும், தப்பு சொல்லவில்லை. எனக்கே மனசு ஆடிப்போய்த்தான் இருந்தது, ஏனென்றால் அதற்கு முந்தின வாரம் அவள் ஃபோனில் தேம்பித் தேம்பி அழுதாள். அவர்களுக்குப் பாதிப் பாடம் வகுப்பறையில் என்றால் மீதிப் பாடம் பசுமைக்குடிலில்தான். கத்தரி நாற்றின் தலையை வெட்டிவிட்டு, அந்தத் தண்டின் மேல் தக்காளி நாற்றின் தலையைப் பொருத்தி, ஒரு சின்ன கிளிப் போட்டு ஒட்டவைக்கிறார்கள், கத்தரி வேர் மண்ணில் வரும் நோயைத் தாங்குமாம், மேலே காய்ப்பதென்னவோ தக்காளி. ஒட்டுப்போட்ட நாற்று காயம் ஆறும்வரை, பிளாஸ்டிக் தாள் மூடிய ஒரு கூடாரத்துக்குள் இருட்டிலும் ஈரத்திலும் கிடக்க வேண்டும். இவள் கூட்டம் என்ன செய்தது தெரியுமா, ஒட்டிவிட்டதா ஒட்டிவிட்டதா என்று ஆளாளுக்குத் தாளைத் தூக்கித் தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். ஆசைதான், வேறென்ன. உள்ளே இருந்த ஈரமெல்லாம் வெளியே போய் அத்தனை நாற்றும் துவண்டு செத்துவிட்டன. பேராசிரியை கோபித்துக்கொள்ளவில்லையாம், "மறுபடியும் போடுங்க, இந்தத் தடவை பொறுப்பு இவளோடது" என்று உன் தங்கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டாராம். நாற்று பிழைத்தால்தான் செய்முறைத் தேர்வில் மதிப்பெண். "என்னால முடியாதும்மா, நான் சொன்னா யாரு கேப்பாங்க" என்று அழுதாள். நம் வாயில்லாப்பூச்சியை உனக்குத் தெரியாதா, கடைக்காரர் அளவு மாற்றிக் கொடுத்த செருப்பைக்கூட வாய் திறக்காமல் வாங்கிக் காலைக் கடிக்கக் கடிக்கப் போட்டுத் தேய்த்தவள் ஆயிற்றே.

அதனால் நீ சொன்னபடியே அவளை அழைத்துவந்துவிடலாம் என்று முடிவு செய்துதான் போனேன். பெற்றோர்கள் வந்து பார்க்கலாம் என்று கல்லூரியில் ஒரு நாள் வைத்திருந்தார்கள், அதையே சாக்காக வைத்துக்கொண்டு பேராசிரியையிடம் பேச வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தேன், அவளிடம் மூச்சுவிடவில்லை. பசுமைக்குடிலுக்குள் நுழைந்ததும் வெந்நீர் அறைக்குள் போன மாதிரி மூக்குக்கண்ணாடியை ஆவி மூடிக்கொண்டது. துடைத்துப் போட்டுப் பார்த்தால் உன் தங்கை முட்டிவரை மண்ணோடு, தொப்பிக்குள் முடியைச் செருகிக்கொண்டு, அவளைவிட ஒரு முழம் உயரமான ஒருவனை நிறுத்திவைத்து, பிளேடை மருந்தில் முக்காமல் அடுத்த நாற்றை வெட்டக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டு போய் முக்கினான். என்னால் நம்ப முடியவில்லை. அவள் என்னைக் கவனிக்கவில்லை, நானும் சும்மா இருக்காமல் மூலையில் இருந்த கூடாரம்தான் அது போலிருக்கிறது என்று கிட்டே போய், உன் அம்மாவின் கையைத்தான் உனக்குத் தெரியுமே, தாளைத் தூக்கிவிட்டேன்.

"அம்மா! கையை எடுங்க! முதல்ல மூடுங்க!" என்று ஒரு சத்தம். குடிலே திரும்பிப் பார்த்தது. உன் அப்பாகூட இத்தனை வருஷத்தில் என்னிடம் அப்படி ஒரு குரல் எழுப்பியதில்லை, எழுப்பிவிட்டு இருந்துவிடவும் முடியாது. என் கை தானாகப் பின்னால் வந்துவிட்டது. ஓடிவந்து தாளை மூடி, ஓரமெல்லாம் கிளிப் போட்டு இறுக்கிவிட்டு, அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தாள். "அதுக்கு இப்ப வேரே இல்லாத மாதிரிம்மா, தண்ணி உறிஞ்ச முடியாது, காத்துல இருக்கிற ஈரத்துலதான் உயிர் நிக்குது, நான் சொல்றப்ப பாருங்க" என்றாள். இத்தனை பேர் முன்னால் திட்டு வாங்கியதற்கு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், எனக்கோ பெருமை பிடிபடவில்லை. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மாவிடம், இப்போ கத்துச்சே அது என் பொண்ணுதான் என்று கேட்காமலே சொன்னேன்.

அப்புறம் எனக்கும் ஒரு பிளேடைக் கொடுத்தாள். காலமெல்லாம் துணி வெட்டுகிறவளுக்கு ஒரு தண்டை வெட்டத் தெரியாதா என்று வாங்கினேன், முதல் நாற்று நசுங்கியது, அடுத்ததும் நசுங்கியது. "அழுத்தாதீங்கம்மா, இழுங்க" என்று என் விரலைப் பிடித்து நகர்த்தினாள், அவள் கை காய்த்துப்போயிருக்கிறது. அதற்குப் பிறகு ஒருவழியாக ஒன்றை ஒட்டினேன், அது பிழைக்காது என்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். இன்னொரு கூடாரம் அன்றைக்குத் திறக்க வேண்டியதாம், எல்லாரும் சுற்றி நிற்க அவள் தாளை எடுத்தாள். பெரும்பாலும் நிமிர்ந்து நின்றன, ஒரு சில சாய்ந்து கிடந்தன. பையன்கள் கை தட்டினார்கள், அவள் தட்டவில்லை, சாய்ந்ததைக் கையில் எடுத்து வெட்டு எங்கே பொருந்தாமல் போயிற்று என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை மருந்துக்கும் இல்லை.

பேராசிரியை என்னிடம் வந்து, ஏதோ பேச வேண்டும் என்று சொல்லியிருந்தீர்களே என்றார். ஒன்றுமில்லை, சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றேன். அப்போதுதான் அவர் சொன்னார், அரை வருஷம் ஒரு பெரிய நாற்றுப்பண்ணையில் தங்கி வேலை கற்றுக்கொள்ள இவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம், நீ இருக்கும் இடத்தைவிடவும் தூரமாம். வாசல்வரை வந்து வழியனுப்பியவளிடம் ஏன்டி சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க விட மாட்டீங்கன்னுதான் சொல்லலை" என்றாள். போய்விட்டு வா என்று சொல்லிவிட்டேன், சொன்ன வாயை பஸ் ஏறும்வரை திறக்கவில்லை, திறந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

ஆகவே நீ பார்த்து வைத்த இடத்தை வேறு யாருக்காவது சொல்லிவிடு, கோபித்துக்கொள்ளாதே. என் இரண்டு பிள்ளைகளும் போன இடத்தில் நல்ல பெயரோடும் நல்ல உடம்போடும் இருக்க வேண்டும், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம். அப்பாவும் உன்னை ஆசீர்வதிக்கிறார், முழங்கால் பயிற்சி பற்றி நீ ஒரு வார்த்தை சொன்னால் ஒருவேளை கேட்பார். மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை தங்கைக்கு ஃபோன் பண்ணு. புத்தி சொல்லாதே, நாற்று எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இரு. அவள் பேசுவாள். அவள் சொல்வதை நான் கேட்டுவிட்டேன், இனி நீயும் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அம்மா