நிற்க வேண்டிய வாட்ச்

நவ. 3, திங்கள்

காலை 11.52. செய்தி வந்த நேரம். இன்றோடு இருபத்தொரு நாள்.

மழை இல்லை. மேற்கே மலை தெளிவாகத் தெரிகிறது. பால் வாங்க மறந்துவிட்டேன்.

அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. எழுதி வைக்கிறேன். பேச்சிக்கு வாட்ச் செய்துகொண்டிருந்தேன். பழைய மாடல் டைவ் வாட்ச் கேஸ். தனியாக வரவழைத்த பச்சை டயல். டயலின் முதுகில் குண்டூசி முனை போல நாலு கால்கள். சாவி கொடுக்கிற திருகு கேஸின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, இரண்டை வைத்துக்கொண்டு இரண்டை வெட்ட வேண்டும். கையில் கட்டர். ஃபோன் தோளுக்கும் காதுக்கும் நடுவில். பேசியவர் யாரென்று இன்றுவரை தெரியாது. வண்ணாரப்பேட்டை வளைவு, ஸ்கூட்டி, ரோடு ஈரம். "நீங்க அவங்க வீட்டுக்காரரா?" என்றார். ஆமா என்றேன். ஒரு காலை வெட்டினேன். அவர் மிச்சத்தைச் சொன்னார். இன்னொரு காலையும் வெட்டினேன். கேட்ட பிறகும் கை வெட்டியது. இரண்டும் வெட்டக்கூடாத கால்கள்.

இன்றைக்குத்தான் அந்த டப்பாவைத் திறந்தேன்.

கேஸ் – சரி.
இயந்திரம் – சரி. தூசி இல்லை.
முட்கள் மூன்று – சரி.
டயல் – உதவாத கால்கள் மட்டும் மிச்சம்.

அந்த இரண்டையும் வெட்டி எறிந்தேன். இரட்டைப் பக்க டேப்பில் கடுகளவு இரண்டு துண்டு, அதன் மேல் டயல். ஒட்டினால் ஒட்டினதுதான், நகர்த்த முடியாது. 12 நேராக உட்கார இருபது நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்தது.

டயலில் பெயர் எதுவும் இல்லை. அவள் தேர்ந்தெடுத்தது. "கம்பெனி பேரெல்லாம் வேண்டாம் அத்தான். வெறுமன கெடக்கட்டும். எம்பேர எழுதிக்கிடுதேன்." டைவ் வாட்ச் என்று ஒருநாளும் சொன்னதில்லை. முங்கு வாட்ச். "முங்கு வாட்ச் எப்பம் ரெடியாவும்? பாவநாசத்துல கட்டிக்கிட்டு முங்கணும்லா."

12.40. முழுச் சாவி கொடுத்துப் படுக்க வைத்தேன். இது ஆட்டோமேடிக். கையில் கட்டியிருந்தால் கை அசைய அசையத் தானே சாவி ஏறும். கட்டாமல் வைத்தால் 41 மணி நேரத்தில் நிற்கும். நான் கோத்ததில் 43ஐத் தாண்டிய வாட்ச் ஒன்றுகூட இல்லை. எத்தனை மணியில் நிற்கிறது என்று குறித்துக்கொண்டால்தான் எனக்கு வேலை முடிந்த மாதிரி.

மத்தியானம் சாத்தான்குளத்திலிருந்து அண்ணன்.

"எலே, ஞாயித்துக்கெழம வேன் சொல்லிருக்கேன். சாமானக் கட்டி வையி. ஒத்தையில அங்கன கெடந்து என்னத்தச் செய்யுத?"

பார்ப்போம் என்று வைத்துவிட்டேன். அத்தை கேட்டுக்கொண்டு நின்றாள். பேச்சியின் அம்மா, என் அப்பாவுக்குத் தங்கை. பதினாறு முடிந்த பிறகும் ஊருக்குப் போகாமல் இங்கேயே இருக்கிறாள். அவளிடம் சொன்னேன்: "இந்த வாட்ச் நிக்கட்டும் அத்தை. நின்னதும் வீட்டக் காலி பண்ணிட்டுப் போயிருதேன்."

ஏன் அப்படிச் சொன்னேன்? தெரியவில்லை. சொன்ன பிறகு அதுதான் சரி என்று பட்டது.

நவ. 4, செவ்வாய்

தூறல். 24 மணி நேரம். ஆறு விநாடி முந்தி ஓடுகிறது. மோசமில்லை.

ஷேவ் செய்யவில்லை. நான் வேலை பார்க்கும் காற்றாலை ஆபீஸிலிருந்து மெசேஜ், லீவு மாதக் கடைசிவரை. கேஸ் சிலிண்டர் பதிய வேண்டும்.

கீழ் வீட்டு அம்மாவும் அத்தையும் குழாயடியில்.

"நல்லா சாப்பிடுதானா?"

"வச்சா திங்கான். வைக்கலன்னா கேக்க மாட்டான்."

"அழுதானா?"

"அதான் இல்ல. கடியாரத்தப் பாத்துக்கிட்டே இருக்கான்."

அத்தை சொன்னது சரிதான். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வேறு எதைப் பார்த்தாலும் பார்த்த மாதிரி இல்லை.

நவ. 5, புதன்

காலை 5.40க்கு நிற்க வேண்டும். ஏழு மணிக்கு எழுந்து பார்த்தேன். ஓடுகிறது.

பத்து மணி. ஓடுகிறது.

காரணங்கள்:
1. தெருவில் லாரி, மாடி அதிர்வு. அத்தனை போதாது.
2. கிரைண்டர். மூன்று நாளாக மாவே ஆட்டவில்லை.
3. நேரம் குறித்ததில் தவறு. இல்லை. 12.40. ஃபோட்டோ இருக்கிறது.

மாலை நாலு மணி. 51 மணி நேரம். விநாடி முள் ஒரு திணறல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. சாவி தீரப் போகும் வாட்ச் இப்படி ஓடாது, ஆட்டம் குறைந்து நேரம் பிசகும். இது இப்போதுதான் கையிலிருந்து கழற்றி வைத்த மாதிரி ஓடுகிறது.

வேலையில் சேர்ந்த முதல் வாரம் சீனியர் ஒருத்தர் சொன்னார்: "காத்தில்லாம எறக்க சுத்துச்சுன்னா மேல ஏறாத தம்பி. காத்து இருக்கு, ஒனக்குத்தான் தெரியல."

சோறு, புளிக்குழம்பு, அப்பளம். உப்பு இருந்ததா என்று அத்தை கேட்டாள். தெரியவில்லை.

நவ. 6, வியாழன்

வெயில். 70 மணி நேரம் ஆகியும் ஓட்டம்.

டயலின் ஒட்டு விட்டுப்போய் உள்ளே ஏதாவது உரசுகிறதோ என்று சந்தேகம். கேஸைத் திறக்க வேண்டும். சின்ன ஸ்க்ரூடிரைவர் முனை மழுங்கியிருந்தது. வாங்கப் போனேன், ஜங்ஷன் வரை போகாமல் பாதியில் திரும்பிவிட்டேன். வண்ணாரப்பேட்டை வழியாகப் போக வேண்டும் என்பது பாதி வழியில்தான் உறைத்தது.

கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. அத்தை தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் வாட்ச். இரண்டு கையிலும் ஏந்தி, பிள்ளையை ஆட்டுகிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"எத்தன நாளா அத்தை?"

"மொதநாள்லருந்துதான்."

"எதுக்கு?"

"நின்னா வீட்டக் காலி பண்ணிருவேன்னு நீதானல சொன்ன! எம்புள்ள கட்டுன துணிக்கொடி மாடியில அப்படியே கெடக்கு. அடுப்புல அவ வச்ச கரி இன்னும் போவல. நீ சாமானத் தூக்கிட்டுப் போயிட்டா நான் எங்கன வந்து அவளப் பாக்க?"

சிரித்துவிட்டேன். வாய்விட்டு. இருபத்துநாலு நாளில் முதல் தடவை. அத்தையும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு என்னைத் திட்டினாள்: "ஓடுத கடியாரம் எப்பம் நிக்கும்னு காவல் கெடக்கவன ஒன்னயத்தாம்ல பாக்கேன்."

எனக்குப் பெரிய நிம்மதி. காரணம் கிடைத்துவிட்டது. காற்று இருந்திருக்கிறது.

அத்தையே பிறகு சொன்னாள், அங்கே மாமா தனியாக எத்தனை நாள் கிடப்பார் என்று. மூன்று மணி திசையன்விளை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பேச்சியின் சேலை ஒன்றை மட்டும் பையில் வைத்துக்கொண்டாள். எந்தச் சேலை என்று நான் பார்க்கவில்லை.

4.00. மறுபடி முழுச் சாவி. இந்தத் தடவை முறையாக. பிஸ்கட் டின். மூடியைச் சுற்றி டேப், டேப்பும் டின்னும் சேருமிடத்தில் என் கையெழுத்து, நாலு பக்கமும். பீரோ கீழ்த்தட்டில் இரண்டு போர்வைக்கு நடுவில். அதிர்வு வராது. பீரோவுக்கு முன்னால் தரை முழுக்கப் பேச்சியின் கோலமாவைத் தூவிவிட்டேன். டப்பாவில் பாதி இருந்தது. முழுவதும் போய்விட்டது.

சனிக்கிழமை காலை 9 மணிக்கு நிற்க வேண்டும். ஞாயிறு வேன். கணக்கு பொருந்துகிறது. போய்விடலாம்.

நவ. 7, வெள்ளி

மேகம். மழை வரவில்லை.

வீட்டில் ஆள் இல்லாத சத்தம். ஃபிரிட்ஜ். கீழே யாரோ தேங்காய் துருவுகிறார்கள்.

ஹோட்டலில் நாலு இட்லி. அட்டைப்பெட்டி ஆறு கொண்டுவந்தேன். அடுப்படிச் சாமானை முதலில் கட்டலாம் என்று தொடங்கி, கரண்டி வரை கட்டிவிட்டு நிறுத்தினேன். கரண்டிகளை அவள் உயர வரிசைப்படி மாட்டியிருந்தாள். பள்ளிக்கூட அசெம்பிளி மாதிரி. குட்டைக் கரண்டிக்கு என் பெயர்.

மாவை மிதிக்காமல் பக்கவாட்டிலிருந்து எட்டிப் பீரோவில் காதை வைத்தேன். சத்தமில்லை. போர்வைக்கு நடுவில் எப்படிக் கேட்கும்? இருந்தாலும் வைத்தேன்.

நவ. 8, சனி

9 மணிக்குத் திறக்கவில்லை. இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தேன். 11 மணிக்குத் திறந்தேன். 43 மணி நேரம்.

மாவில் தடம் இல்லை. என் காலடிதான் முதல் காலடி. டேப் கிழியவில்லை. கையெழுத்து நாலும் முழுசு.

டின்னை வெளியே எடுக்காமல் அங்கேயே குனிந்து திறந்தேன். இரண்டு பக்கமும் சேலைகள், பீரோவுக்குள் இருட்டு.

ஓடுகிறது.

இன்னொன்று. அதை எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன். டயலில் மணிப் புள்ளிகளுக்கு ஒளிரும் பூச்சு. வெயிலில் காட்டினால் இருட்டில் கொஞ்ச நேரம் பச்சையாக எரியும். மலிவுப் பூச்சு, இரண்டு மணி நேரம் தாங்கினால் பெரிது. இது 43 மணி நேரமாக மூடிய டின்னில் கிடந்தது. செத்துக் கறுத்திருக்க வேண்டும். பன்னிரண்டு புள்ளியும் எரிந்துகொண்டிருந்தன. என் விரல் ரேகை அந்த வெளிச்சத்தில் தெரிந்தது. மாடியில் வெயிலில் துணி காயப்போட்டுவிட்டு இப்போதுதான் இறங்கி வந்த கையிலிருந்து கழற்றினால் அப்படித்தான் எரியும்.

அத்தைக்கு ஃபோன் செய்தேன்.

"நிக்கல அத்தை."

"நான் இங்கன இருக்கேம்ல! என்னய ஏன் கேக்க?"

"கேக்கல. சொல்லுதேன்."

அந்தப் பக்கம் கோழி கொக்கரித்தது.

"கதவப் பூட்டிருந்தியா?"

"பூட்டிருந்தேன்."

"அவ கை ஒரு நிமிசம் சும்மா கெடக்காதுல்லா," என்றாள். "ஒனக்குத் தெரியாதா." பிறகு, "சாப்பிட்டியால?"

டின்னை மறுபடி மூடவில்லை. திருகைத் தொடவில்லை. மேஜை மேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். பயமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். பயம்தான். ஆனால் எழுந்து போகத் தோன்றவில்லை.

நவ. 9, ஞாயிறு

நல்ல வெயில். 9.20. 65 மணி நேரம். ஓடுகிறது.

அண்ணன்: "எலே, கெளம்பிட்டோம். வேன் கருங்குளம் தாண்டிட்டு. சாமானக் கட்டிட்டியா?"

"இல்ல."

"ஏம்ல?"

"வாட்ச் இன்னும் நிக்கல."

"எந்த வாட்ச்?" பக்கத்தில் டிரைவரிடம் ஏதோ சொல்கிறான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, பிள்ளையிடம் பேசுகிற மாதிரி: "ஏய்யா, நான் வந்து பாக்கேன். ஒண்ணும் செய்யாத. பைய உக்காரு. கதவத் தொறந்து வையி."

கதவைத் திறக்கவில்லை. அட்டைப்பெட்டியைப் பிரித்துக் கரண்டிகளைத் திரும்ப மாட்டினேன். வரிசை தவறாமல்.

9.45. மறுபடி அண்ணன். எடுக்கவில்லை. 9.50. எடுக்கவில்லை.

நின்றால் போகிறேன் என்று சொன்னது நான்தான். அன்றைக்கு அத்தையிடம்தான் சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில் நின்றுகொண்டுதானே சொன்னேன். அவளும் கேட்டிருப்பாள்.

கீழே வேன் சத்தம். ஹாரன் இரண்டு தடவை. ஃபோன் மேஜையில் அதிர்ந்து வாட்ச் பக்கம் நகர்ந்து வருகிறது. அந்த அதிர்வில் சாவி ஏறியது என்று நாளைக்கு யாரும் காரணம் சொல்லக் கூடாது. ஃபோனை அணைத்துவிட்டேன்.