கல்யாணம் முடியும்வரை வீடியோ போடாதே

விளாங்குடி, மதுரை
ஆனி 3

அன்பு மகன் அழகுபாண்டிக்கு, அம்மா முத்துத்தாய் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி முனீஸ்வரி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம், நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாயா? போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே வந்து நிற்கிறார், அதனால்தான் கடிதம்.

முனீஸ்வரிக்குக் கல்லுப்பட்டியில் நிச்சயம் ஆகிவிட்டது. ஆடியில் அவளுக்குப் பதினெட்டு முடிகிறது, ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை சொந்தமாக டிராக்டர் வைத்து ஓட்டுகிறார். பத்தாவதோடு நின்றவளுக்கு இதைவிட நல்ல இடம் வராது என்கிறார் அப்பா. மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு இவள் தலையைக் குனிந்துகொண்டாள், பிள்ளைக்கு வெட்கம் என்று எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து தையல் கடைக்கும் அனுப்புவதில்லை, வெயிலில் கறுத்துவிடுவாளாம். ஜன்னல் பக்கமே உட்கார்ந்திருக்கிறாள்.

இப்போது உன் விஷயம். நீ எண்ணெய்க் கம்பெனி வேலையை விட்டுவிட்டு மூன்று வருடமாக அமெரிக்காவில், அந்த லூசியானாவில் பிடில் வாசித்துப் பிழைப்பது இந்த வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. கேட்பவர்களிடம் அப்பா, கடலுக்குள் எண்ணெய் எடுக்கிற இடத்தில் இருக்கிறான், சிக்னல் கிடைக்காது என்று சொல்லி வைத்திருக்கிறார். நிச்சயத்தன்று சம்பந்தி கருத்தக்கண்ணன் வெற்றிலையை மடித்துக்கொண்டே, “மகன் எஞ்சினியருன்னு கேட்டுத்தான் இம்புட்டுத் தூரம் வந்தோம், பாத்துக்கங்க. ஆட்டக்காரன் பாட்டுக்காரன் வீட்டுல எங்க ஆளுக பொண்ணு எடுக்கிறதில்ல” என்றார். உன் அப்பா கையிலிருந்த காபி ஆறியே போய்விட்டது.

நீ அனுப்பிய வீடியோவை நானும் முனீஸ்வரியும் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தோம். அந்த ஊரில் பிரெஞ்சு பேசும் விவசாயிகளின் பாட்டு, கேஜன் என்று பெயர் என்றாயே, நரைத்தவர்களெல்லாம் ஜோடி ஜோடியாகச் சுற்றி ஆடுகிறார்கள். அந்தக் குழுவில் சேர்ந்த புதிதில் இரண்டாவது பிடிலாக இன்னொருவருக்குத் துணையாக மட்டும் இழுத்துக்கொண்டிருந்தவன், இப்போது நடுவில் உட்கார்ந்து பாட்டை நீயே கொண்டுபோகிறாய். நம்ம ஊர்த் திருவிழாக் கச்சேரியில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து வாசித்த பிள்ளை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனாலும் அதை நம்ம ஊர்ப் பெயரோடு எல்லோரும் பார்க்கிற மாதிரி ஆடியில் போடப்போகிறேன் என்றாயே, அது வேண்டாம் சாமி. கல்யாணம் முடியட்டும். கல்லுப்பட்டியில் ஒருத்தர் கண்ணில் பட்டாலும் நிச்சயம் முறிந்துவிடும், பிறகு அப்பா தெருவில் தலைகாட்ட மாட்டார்.

தலைக்கு எண்ணெய் வை, கண் முழித்து வாசித்தால் மறுநாளாவது தூங்கு. நீயும் உன் பிடிலும் நூறு வருடம் நன்றாக இருங்கள். ஆவணி முடிகிறவரை வீடியோ வேண்டாம், மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
முத்துத்தாய்

அண்ணே, அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போயிருக்கிறது. சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிவிட்டேன். அன்றைக்கு நான் தலையைக் குனிந்தது வெட்கத்தால் இல்லை. அத்தனை பேர் முன்னால் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இதைத் தபால் பெட்டியில் போட மட்டும் தெருமுனை வரை விடுவார்கள். ஆடி வரை காத்திருக்காதே, கடிதம் கிடைத்த அன்றே வீடியோவைப் போட்டுவிடு அண்ணே. விளாங்குடி என்று ஊர்ப் பெயரைப் பெரிதாகப் போடு.