தோள்பட்டைத் தேமல்

அன்புள்ள அப்பாவுக்கு,

மூட்டுவலி தேவலையா? நான் நலம்.

தோல் நோய்ப் படங்கள் போட்ட சின்ன அட்டை ஒன்றை நர்ஸுகள் நாங்கள் சட்டைப்பையிலேயே வைத்திருப்போம். நேற்று ஒரு தச்சர் முதுகில் வெளிறிய திட்டோடு வந்தார். அட்டையைப் பார்த்துவிட்டு, "தேமல்தான், பயப்படாதீங்க" என்றேன்.

டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, திட்டைப் பஞ்சால் தொட்டார். "இன்னும் தொடலையா?" என்றார் தச்சர்.

தொழுநோய். ஆரம்பம்தான், மாத்திரையில் குணமாகிவிடும். டாக்டரிடம் எனக்குத்தான் நல்ல டோஸ் விழுந்தது.

லீவில் வந்தபோது உங்கள் தோள்பட்டைத் திட்டையும் இதே அட்டையை வைத்துத்தான் தேமல் என்றேன், அப்பா. இன்றே அந்தத் திட்டை அம்மாவிடம் பஞ்சால் தொடச் சொல்லுங்கள். கண்ணைத் திறக்காதீர்கள்.

டியூட்டிக்குப் போகும் பஸ் வந்துவிட்டது. கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்பீர்கள். பதிலை அம்மாவே எழுதட்டும்.

உங்கள் மகள்